நோட்டுப் புத்தகத்தில் வராத கலோரி



தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு நம்ம இளைஞர் வகுப்பில் விரதத்தைப் பற்றிய பாடம் நடந்தது. வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என்னிடம் வந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

"அண்ணா, நீங்க இன்ஜினியரிங்தானே படிக்கிறீங்க? இந்தக் கணக்குல எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க."

முத்து முத்தான கையெழுத்து. விரதம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டாள், எத்தனை கலோரி என்று எழுதியிருந்தாள். தினமும் கீழே கூட்டுத்தொகை 1,200. முதல் வாரம் எடை 2.4 கிலோ இறங்கியிருந்தது. இரண்டாம் வாரம் 0.6 கிலோ. அதற்குப் பிறகு மூன்று வாரம் முள் நகரவே இல்லை. நாலாவது வாரத்திலிருந்து 1,200ஐ 900 ஆக்கியிருந்தாள். அப்போதும் நகரவில்லை.

"கோயில்ல படி ஏறும்போது தலை சுத்துது. ஆனா எடை மட்டும் இறங்கல. எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு பத்தல போல" என்றாள்.

கடைசியாகச் சொன்னாளே அந்த ஒரு வார்த்தை, அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எடையைக் குறைக்க அவளுக்கு நியாயமான காரணம் இருந்தது. அவள் அம்மாவுக்கு 41 வயதிலேயே இனிப்பு நீர் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இன வாரியாகப் பார்த்தால் இரண்டிலும் முதல் இடம் நம்ம இந்தியர்களுக்குத்தான். வேறு எதில் பின்தங்கினாலும் இதில் முந்திக்கொள்கிறோம்! ஆகவே அவள் ஆசை அழகுக்காக மட்டும் இல்லை. பயம் உண்மையானது, முயற்சியும் உண்மையானது. அப்படியென்றால் கணக்கு எங்கே தப்பியது?

விதி பொய்யில்லை

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். "கலோரி எல்லாம் சும்மா, இதை மட்டும் சாப்பிட்டா தானா இறங்கும்" என்று டிக்டாக்கில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று இயற்பியலில் படித்தோமே, மனித உடம்பு அந்த விதிக்கு வெளியே இல்லை. 1890களில் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஓர் ஆளையே உள்ளே தங்கவைக்கும் அளவுக்கு ஒரு வெப்ப அளவை அறை கட்டி, உள்ளே போகும் உணவின் சக்தியையும் வெளியே வரும் வெப்பத்தையும் அளந்து பார்த்தார். கணக்கு ஒத்துப்போனது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்களே, அது அவர் விட்டுச்சென்ற கணக்குதான். (நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் அளவு.)

2010இல் மார்க் ஹாப் என்ற அமெரிக்க ஊட்டச்சத்துப் பேராசிரியர் பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக்கும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டார். ஆனால் நாளுக்கு 1,800 கலோரியைத் தாண்டவில்லை. சுமார் 12 கிலோ இறங்கினார். யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம், அவரே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போவது குறைந்தால் எடை குறையும் என்பதற்கு இதைவிட விளையாட்டான சாட்சி கிடைக்காது.

ஆக, விதி சரி. அந்த விதியில் நாம் போடும் எண்கள்தான் பிரச்சினை.

எண்ணெய்ப் போத்தல் சொன்ன கணக்கு

நோட்டுப் புத்தகத்தில் தினமும் "எண்ணெய் 1 கரண்டி – 40" என்று இருந்தது. "வீட்ல எத்தனை பேர்? அஞ்சு கிலோ எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டேன். நாலு பேர், ஒரு மாதம் என்றாள்.

உட்கார்ந்து வகுத்தோம். 5,000 கிராம், 4 பேர், 30 நாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 42 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் 375 கலோரி. பொரித்த பிறகு கொட்டுகிற எண்ணெயைக் கழித்து 300 என்றே வைத்துக்கொள்வோம். அவள் எழுதியது 40. ஒரே வரியில் 260 கலோரி காணாமல் போயிருக்கிறது!

அவள் பொய் எழுதவில்லை. சமைப்பது அம்மா. விரதம் என்பதால் மீனும் கோழியும் நின்றுபோய், அந்த இடத்துக்குப் பொரித்த சைவ மட்டன், வடை, உருளைக்கிழங்குப் பொரியல், பிரட்டிய மீகூன் எல்லாம் வந்திருந்தன. நம்ம வீடுகளில் விரதச் சாப்பாடு என்றால் சைவம். எளிமையான சாப்பாடு என்று அர்த்தம் இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் வாழை இலை நிறையப் பரிமாறுகிறார்கள். அவள் அதை "சாதம் 1 கப்" என்று எழுதியிருந்தாள். சாமி சாப்பாட்டை அளந்து பார்க்க மனசு வருமா?

இது அவளுக்கு மட்டும் நடப்பதில்லை. 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. "நான் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை எடுத்து, அவர்கள் உண்மையில் செலவழிக்கும் சக்தியை ஒரு சிறப்பு வகைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து அளந்தார்கள். அவர்கள் உடம்பு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சாப்பிட்டதோ சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடற்பயிற்சியையும் கூட்டியே சொல்லியிருந்தார்கள். மனிதக் கண்ணும் ஞாபகமும் நல்ல தராசு இல்லை.

பாக்கெட்டில் அச்சடித்த எண்ணும் வேதவாக்கு இல்லை. 28 கிராம் பாதாமுக்கு 170 கலோரி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க விவசாயத் துறை ஆய்வாளர்கள் 2012இல் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, உடம்பில் சேர்ந்தது சுமார் 129தான். பாதாமின் செல் சுவர்கள் முழுசாக உடையாததால் கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. உணவு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே எண் கூடும், குறையும்.

செலவுப் பக்கத்திலும் ஒரு பக்கம் இருந்தது. "பத்துமலை ஏறினேன் – 200" என்று. பக்திக்கு நான் மதிப்பெண் போடவில்லை, இயற்பியலுக்கு மட்டும் போட்டேன். 272 படி. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் உயரம் சுமார் 41 மீட்டர். 60 கிலோ ஆளை அவ்வளவு உயரம் தூக்க 24 கிலோஜூல், அதாவது 6 கலோரிக்கும் குறைவு. தசையின் திறன் கால் பங்குதான் என்பதால் உடம்பு செலவழிப்பது சுமார் 23 கலோரி. ஒன்றரைத் தேக்கரண்டி சீனி! அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. "அப்புறம் ஏன்ணா அவ்வளவு மூச்சு வாங்குது?" என்றாள். படியேறுவது இதயத்துக்கும் காலுக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் மிக நல்லது. ஆனால் இறங்கி வந்து ஒரு தே தாரிக் குடித்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

உடம்பு சும்மா இருக்காது

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. எண்களையெல்லாம் துல்லியமாக எழுதியிருந்தாலும் அவள் எதிர்பார்த்தபடி இறங்கியிருக்காது.

முதல் வாரத்து 2.4 கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஈரலிலும் தசையிலும் சுமார் அரை கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது அந்தச் சேமிப்பு, கூடவே தண்ணீரும் போகும். தராசு சந்தோஷப்படுத்தும், கொழுப்போ கொஞ்சம்தான் குறைந்திருக்கும். அந்த முதல் வார வேகத்தை நம்பித்தான் பல பேர் ஏமாறுகிறோம். நானும் முதலாம் ஆண்டு ஹாஸ்டலில் ஒரு கைப்பேசிச் செயலியை வைத்துக்கொண்டு இதே மாதிரி முதல் வாரம் குதித்தேன், ஐந்தாம் வாரம் செயலியை அழித்தேன்.

அடுத்து, ஒரு பிரபலமான சூத்திரம்: ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, ஆகவே தினமும் 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கும் என்பது. அப்படியே ஓட்டினால் ஒரு வருஷத்தில் 23 கிலோ, மூன்று வருஷத்தில் ஆளே இருக்க மாட்டார். ஒரு பக்கம் குழாயை மூடினால் மறு பக்கம் அதே வேகத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும் ஓட்டைத் தொட்டியாக இந்தச் சூத்திரம் உடம்பை நினைக்கிறது. நம் உடம்பு மிதவை வால்வு வைத்த தொட்டி. மட்டம் இறங்கினால் வெளியே போகும் குழாயையும் கொஞ்சம் மூடும், உள்ளே வரும் குழாயைத் திறக்கச் சொல்லித் தொல்லையும் கொடுக்கும். அந்தத் தொல்லைக்குப் பெயர்தான் பசி. எங்கள் பாடத்தில் இதைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பார்கள்.

எடை குறைந்த உடம்பைத் தூக்கி நடக்கக் குறைந்த சக்தி போதும். அதோடு, தெரியாமலே நாம் குறைவாக அசைவோம். லிஃப்ட் தேடுவோம், உட்கார்ந்தே இருப்போம், குளிரும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். போரினால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள அவர்களே விரும்பி ஒப்புக்கொண்ட சோதனை அது. நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. எடையில் கால் பங்கு போனது. ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தி சுமார் 40 விழுக்காடு இறங்கியது. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒழுக்கம் குறைந்தவர்களா அவர்கள்? ஆறு மாதம் அந்தச் சோதனையில் நின்றவர்கள்!

கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2011இல் இதையெல்லாம் சேர்த்து ஒரு கணித மாதிரி உருவாக்கினார். அவர் தந்த எளிய விதி: நாள்தோறும் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஒரு வருஷம் ஆகும். அதாவது தினமும் 240 கலோரி குறைத்தால் முதல் வருஷம் 5 கிலோ. பழைய சூத்திரம் சொன்னது 11 கிலோ. 11ஐ எதிர்பார்த்து 5 இறங்கினவர் "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று முடிவு கட்டுகிறார். தப்பு மனசில் இல்லை, சூத்திரத்தில் இருந்தது.

எவ்வளவு என்பதற்கு முன் என்ன

அப்படியானால் கலோரியை எண்ணுவதா வேண்டாமா? ஹால் 2019இல் இன்னொரு சோதனை செய்தார். இருபது பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு கொடுத்தார். தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் தாங்களாகவே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை 0.9 கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரம் 0.9 கிலோ குறைந்தது. யாரும் கணக்கு எழுதவில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பதே எவ்வளவு சாப்பிடுவோம் என்பதை முடிவு செய்துவிட்டது.

எனக்கு இதுதான் பதில் மாதிரித் தெரிகிறது. எடையைத் தீர்மானிப்பது சக்திக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கை நாம் பேனாவால் எழுதுவதில்லை. பசி எழுதுகிறது, தூக்கம் எழுதுகிறது, அம்மா கையில் இருக்கும் எண்ணெய்க் கரண்டி எழுதுகிறது. 2022இல் வந்த ஓர் ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் எடை கூடியவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. பரீட்சை நேரத்தில் இரவு இரண்டு மணிக்கு மெகி மீ கொதிக்க வைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும். நானும் கவனிக்கிறேன்.

புரதத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. புரதத்தைச் செரிக்கவே அதன் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3க்குள். வயிறும் நீண்ட நேரம் நிறைந்திருக்கும். விரதத்தில் கோழியை நிறுத்துகிறோம், பருப்பையும் கொண்டைக்கடலையையும் தெம்பேயையும் அதன் இடத்தில் வைக்கிறோமா? அவள் நோட்டில் சாதம், மீகூன், தோசை, பிஸ்கட். ஐந்து வாரத்தில் கடலை இரண்டே நாள்.

விரதம் எடை குறைப்பதற்காக வந்ததில்லை என்று நம்ம வகுப்பிலேயே சொன்னோம். முருகனுக்கு எடுத்த விரதத்தை டயட்டாக மாற்றினால் இரண்டும் கெடும் என்பது என் எண்ணம். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறான். தூக்கத்தையும் அதோடு சேர்த்தே சொல்கிறான். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று தெரிந்து, நன்றாகப் பசித்த பிறகு உண்ணச் சொல்கிறார். தலை சுற்றும்வரை பட்டினி கிடக்கச் சொன்னவர் யாரும் இல்லை.

அந்தத் தங்கச்சியிடம் முதலில் சொன்னது 900 கலோரியை அன்றே நிறுத்தச் சொல்லித்தான். வளரும் வயதுப் பிள்ளை மருத்துவர் பார்வை இல்லாமல் அவ்வளவு குறைவாகச் சாப்பிடக் கூடாது. தலைசுற்றல், மாதவிடாய் தப்புவது, முடி கொட்டுவது, சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருவது, இதில் எது இருந்தாலும் கணக்குப் போட என்னிடம் வராதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். அவளும் அம்மாவோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். அங்கே உணவியல் அதிகாரி ஒரு தட்டு வரைந்து காட்டினாராம். சுகாதார அமைச்சு சொல்கிற அதே சுக்கு-சுக்கு செப்பாரோதான்: கால் தட்டு சாதம், கால் தட்டு புரதம், அரைத் தட்டு காய்கறி, பழம். எடையோடு இடுப்பையும் அளக்கச் சொன்னார். ஆசிய மக்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. நமக்கெல்லாம் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கிறது, எடை பெரிதாகத் தெரியாதபோதே இனிப்பு நீரும் வந்துவிடுகிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23லேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னதும் இதனால்தான்.

தைப்பூசம் முடிந்து இரண்டு மாதத்தில் அவளுக்கு 1.8 கிலோ குறைந்தது, இடுப்பு 4 சென்டிமீட்டர். "ரொம்பக் கொஞ்சம்தான்ணா" என்றாள். ஹால் கணக்கில் பார்த்தால் சரியான வேகம் என்றேன். தே தாரிக்குக்குப் பதில் இப்போது தே ஓ கோசோங். அம்மாவும் அதே தட்டில் சாப்பிடுகிறார்.

நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதில் இப்போது கலோரி இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தாள், கடலையோ பருப்போ சாப்பிட்டாளா, எத்தனை வேளை பசித்துச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். வீட்டு எண்ணெய்ப் போத்தலில் மட்டும் திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். போன போத்தல் 44 நாள் வந்ததாம்.

அடுத்த வகுப்புக்கு வருமுன் நீங்களும் உங்க வீட்டுப் போத்தலில் தேதியை எழுதிவிட்டு வாங்க. வீட்டில் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போத்தல் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து வகுத்துப் பார்ப்போம்.